நான் வாட்டிய இருபது தோட்டா

கார்த்திகை 6, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கரியெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. துருத்தி ஊதி ஊதித் தோள்பட்டை கழன்றுவிட்டது. இருந்தாலும் வேலை முடிந்தது. இருபது தோட்டா. இருபதும் என் கை.

காரைக்குடியில் இந்த வேலையை எந்த நகைப் பத்தரும் இதுவரை தொட்டதில்லை. மதுரையிலும் இருக்காது. மதராசில் ஒருத்தன் இருக்கலாம், அவனும் வெள்ளைக்காரனாக இருப்பான்.

பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே, விவரம் எழுதி வைக்கிறேன். ரைபிள் செட்டியாருடையது (இனிமேல் செ. என்றே எழுதுவேன்). ரங்கூனில் வாங்கி வந்தார், ஐம்பது தோட்டாவோடு. இளையாத்தங்குடி போகிற வழியில் அவருக்குக் கடலைக் கொல்லை. அங்கே பன்றித் தொல்லை. இரண்டு வருடத்தில் ஐம்பதும் தீர்ந்தது. புதுசு வாங்க மனு, கையெழுத்து, மறுபடி மனு, ஆறு மாதம். கைவசம் இருப்பது சுட்ட வெறுங்கூடு முப்பது.

பித்தளைக் கூடு சுட்டாலும் சாவதில்லை. அடியில் வெடிக்கிற புதுக் கேப்பு, உள்ளே புது வெடிமருந்து, வாயில் புது ஈயக் குண்டு வைத்தால் மறுபடி தோட்டா. ஒரே இடைஞ்சல், சுட்ட கூடு உப்பிப் போகிறது. உப்பினது துப்பாக்கிக்குள் திரும்ப நுழையாது. எஃகு அச்சுக்குள் வைத்து நெரித்து, பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். அச்சு, அதை நெரிக்கிற திருகு, ஒரு இங்கிலீசுத் தாள் படத்தோடு. மூன்றையும், கேப்பு மருந்தோடு, செ. ரங்கூனிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"பத்தரே, இங்கிலீசு வாசிப்பீரா?"

"பினாங்குல மூணு வருசம் குப்பை கொட்டினவன்ட்டக் கேக்குறீகளே அய்யா. அங்க துரைக்கே நாந்தான் கடுதாசி எழுதிக் குடுப்பேன்."

பினாங்கில் இருந்தது ஏழு மாதம். ஏ, பி, சி தெரியும், எஸ் சார் தெரியும். படம்தான் இருக்கிறதே, பத்தாதா.

விளக்கெண்ணெய் தடவி, அச்சில் வைத்துத் திருகினேன். வாய்ப்பக்கம் போயிற்று. அடிப்பக்கம் தடிப்பு. இம்மி நகரவில்லை. மணிக்கட்டு நரம்பு புடைத்ததுதான் மிச்சம். பத்தர் வீட்டில் பிறந்தவனுக்கு இறுகின உலோகத்தை என்ன செய்வதென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபதையும் உலையில் போட்டேன். வாயிலிருந்து அடி வரைக்கும் சிவக்கச் சிவக்க வாட்டி எடுத்து, தண்ணீரில் போட்டேன். தாளில் உள்ள படத்திலும் கூடு தண்ணீரில்தான் நிற்கிறது. அதற்கப்புறம் களிமண் மாதிரி அச்சுக்குள் இறங்கிற்று. பார்க்க அத்தனை அழகு. கேப்பு, மருந்து, குண்டு வைத்து முடித்தேன். பத்துக் கூடு மிச்சம், அதைத் தொடவில்லை, கரி தீர்ந்தது.

மகள் தெய்வானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, வெள்ளிக் காப்ப வாட்டுற மாதிரி வாட்டுறீக. இது சுடுற சாமானாச்சே."

"உலோகம் எல்லாம் ஒண்ணுதான், போடி."

கார்த்திகை 7, புதன்

வெயில். சோதித்துப் பார்த்தாயிற்று.

சுட்டது சொக்கன். என் அக்கா மகன், தெய்வானை புருஷன், இரண்டு வகையிலும் மருமகன். வீட்டோடு இருக்கிறான். சுத்தியல் அவன் கைக்குப் படியவில்லை, என்ன திட்டியும் படியவில்லை. ஆனால் கண் வேறு கண். புளியமரத்து உச்சியில் உட்கார்ந்த காக்கைக்கு எந்தக் கால் நொண்டி என்று கீழே நின்று சொல்வான். இது என் வழக்கமான அளப்பு இல்லை, நானே பார்த்தேன். கொல்லைக் காவலுக்கு அவனைத்தான் செ. வைத்திருக்கிறார். ரைபிள் அவன் கையில்.

மரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு இரண்டு தோட்டா. இரண்டும் வட்டத்துக்குள். செ. என் முதுகில் தட்டினார். பினாங்கில் ஒரு துரை என்னை விடமாட்டேன் என்று காலைப் பிடித்த கதையைச் சொன்னேன். காலைப் பிடித்தது இன்றைக்குத்தான் சேர்ந்தது. போன தடவை கையைத்தான் பிடித்தார்.

வரும் வழியில் சொக்கன் இரண்டு வெறுங்கூட்டையும் என் கையில் வைத்தான்.

"கூடு வர மாட்டேங்குது மாமா. குழல் வாயில குச்சிய விட்டுத் தட்டித்தான் எடுத்தேன். அடியில பாருங்க, மோதிரம் போட்டாப்ல உப்பியிருக்கு. ரங்கூன் தோட்டா இப்படி உப்பாது."

"மருந்து வீரியம்டா. துரைமாரு சுட்டாலும் இப்படித்தான்."

"அப்ப சரி."

மிச்சம் பதினெட்டு. செ. அலமாரியில் பூட்டி வைத்தார்.

வாங்க வேண்டியது: கரி 1 மூட்டை, வெண்காரம், தெய்வானைக்குத் தலைவலி மருந்து.

கார்த்திகை 9, வெள்ளி

எழுத ஓடவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் நானும் கொல்லைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. என் தோட்டாவில் பன்றி விழுவதைப் பார்க்க ஆசை. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சொக்கன் துப்பாக்கியை வரப்பில் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். கடலைச் செடி அசைந்தது. எடுத்தான், சுட்டான்.

சத்தம் வேறு மாதிரி. முன்னால் போக வேண்டிய புகை பின்னால் வந்தது. அவன் மெதுவாக உட்கார்ந்தான். இரண்டு கையும் முகத்தில்.

"மாமா, பன்னி விழுந்துச்சா?"

முதலில் கேட்டது இதைத்தான். விழுந்தது என்றேன். பன்றி ஓடிவிட்டது.

கையை விலக்கிப் பார்த்தேன். எழுதவில்லை.

செ. மோட்டாரில் வந்தார். அவர் துப்பாக்கியைத் திறக்க, அடி பிளந்த கூடு வந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, சொக்கனைத் தூக்கி வண்டியில் போடுவதில்தான் இருந்தார். நான் எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"என்ன பத்தரே ஆச்சு?"

"குழல்ல மண்ணு ஏறியிருக்கும் அய்யா. வரப்புல சாச்சு வச்சான், நான் பாத்தேன்."

யோசித்துச் சொல்லவில்லை. கதை அளக்கிற வாய், அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொக்கன் பக்கத்திலேயே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்தது.

டாக்டர் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார். இடது கண்ணுக்குப் பயமில்லை. வலது கண்ணுக்கு இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. எட்டு நாள் கட்டோடு கிடக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கே வந்து அவிழ்த்துப் பார்ப்பாராம்.

கார்த்திகை 10, சனி

மழை. கூரை ஒழுகல், கிழக்கு மூலை.

பார்க்க வந்தவர்கள் பேச்சு:

"அவசரக்குடுக்கையா இருந்தா இப்படித்தான்."

"மண்ணு அடச்ச குழல்ல சுட்டானாமே. பொழச்சதே பெருசு."

"பத்தரு அம்புட்டு நேர்த்தியாத் தோட்டா செஞ்சு குடுத்தும் பாருங்க."

கடைசியாகச் சொன்னவருக்கு மோர் கொடுத்தேன்.

குழலில் மண் அடைத்திருந்தால் குழல் வெடித்திருக்கும், உப்பவாவது உப்பியிருக்கும். குழலில் கீறல்கூட இல்லை. அது எனக்குத் தெரியாதா. யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியின் பின்பூட்டில் ஒரு ஆணி மட்டும் வளைந்திருந்தது. செ. என்னிடமே கொடுத்தனுப்பினார். நிமிர்த்திக் கொடுத்தேன். நேர்த்தியான வேலை என்றார்.

சாயங்காலம் சொக்கன் கூப்பிட்டான்.

"மாமா, நான் வரப்புல வைக்கையில குழல் வாய் மேலாப்ல இருந்துச்சா, கீழாப்லயா?"

"கவனிக்கல."

"பாத்தேன்னு செட்டியார்ட்டச் சொன்னீகளே."

"வச்சதத்தான் பாத்தேன்."

"மேலாப்ல வச்சதாத்தான் ஞாபகம். ரெண்டு வருசமா அப்படித்தான் வைக்கிறேன். அன்னிக்கி மட்டும் கை மாறிப்போச்சோ என்னமோ."

கஞ்சி பாதிதான் குடித்தான்.

கார்த்திகை 11, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை.

தெய்வானை நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளியில் கண்மலர் செய்து சாத்த வேண்டும். ஊரில் யாருக்குக் கண் நோவு என்றாலும் என்னிடம்தான் கண்மலர் வாங்குவார்கள். நூறு சோடி செய்திருப்பேன். (முப்பது இருக்கும்.)

"கடை வெள்ளி வேணாம்ப்பா. ஒங்க கையால தகடு தட்டிச் செய்யுங்க. ரெண்டு கண்ணும் செய்யுங்க, ஒண்ணு போதும்னு ஆத்தா நெனச்சிரக் கூடாது."

உட்கார்ந்தேன். வெள்ளியைத் தட்டினேன். பத்து அடி வாங்கியதும் தகடு இறுகிற்று. இறுகினதும் கை தானாக இடுக்கியில் எடுத்து உலையில் காட்டிற்று. சிவந்தது. எடுத்துப் போட்டுத் தட்டினேன், சொன்னபடி கேட்டது. வெள்ளி இளகிக் கொடுக்கிறது.

அப்போதுதான் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது.

இளகத்தானே வாட்டுகிறோம். கண்மலர் இளகலாம், காப்பு இளகலாம். தோட்டாவுக்கு அடி எதற்கு அத்தனை தடியாக, கெட்டியாக வைத்திருக்கிறான்? மருந்து வெடிக்கும்போது பின்னால் வராமல் தாங்கத்தான். அந்த அடியை நான் இளக்கி வைத்திருக்கிறேன்.

வாட்டாத பத்துக் கூட்டில் ஒன்றை எடுத்து அடியைக் குறட்டால் நெரித்தேன். குறடு வழுக்கிற்று, கூட்டுக்கு ஒன்றுமில்லை. சொக்கன் புதன்கிழமை சுட்ட இரண்டில் ஒன்றை எடுத்து அதே போல நெரித்தேன். பூவரச இலை மாதிரி மடங்கிற்று.

மற்ற பத்தர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் என்று எழுத வந்தேன். அதுவும் பொய். எந்தப் பத்தரானாலும் இதைத்தான் செய்திருப்பான். ஆனால் எந்தப் பத்தரும் இந்த வேலையை ஏற்றிருக்க மாட்டான்.

கண்மலர் பாதியில் நிற்கிறது.

கார்த்திகை 12, திங்கள்

தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். சிவகங்கையில் உறவுக்காரன் ஒருவன் கேட்கிறான் என்று சொன்னேன். அப்படி ஒரு உறவுக்காரன் இல்லை.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

"கூட்டைத் துடைச்சு எண்ணெய் தடவணும்... அச்சுக்குள்ள செலுத்தணும்... வாய்ப்பாகம் இறுகிப் போயிருந்தா அங்க மட்டும் சூடு காட்டலாம். அப்பக் கூட்டோட கீழ்ப்பாதி தண்ணிக்குள்ள இருக்கணும்... அடிப்பாகத்துல எக்காரணம் கொண்டும் சூடு ஏறக்கூடாது. ஏறின கூட்டைத் தூர எறியவும். சுடுகிறவருக்கு அபாயம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"படத்தைப் பாத்தாலே தெரியுதே பத்தரே. இடுப்பளவு தண்ணியில நிக்குது, தலையில மட்டும் நெருப்புப் படுது. அபாயம்கிறத எம்புட்டுத் தடியா அச்சடிச்சிருக்கான் பாருங்க."

அந்தத் தடி எழுத்தை நான் கடைப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

"தெரியும் தெரியும். நீங்க எப்படி வாசிக்கிறீகன்னு பாத்தேன்."

வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். தெரு முனை வரைக்கும் சிரித்த முகத்தோடே நடந்தேன்.

கார்த்திகை 13, செவ்வாய்

நினைத்ததற்கு மேல் வந்து சேர்ந்தது.

செ. மகன், சின்னவர், பர்மாவிலிருந்து வந்திருக்கிறார். இருபத்திரண்டு வயது. வருகிற வியாழக்கிழமை காலை கொல்லையில் பன்றி சுடப் போகிறாராம். அதே ரைபிள். அதே அலமாரித் தோட்டா. பதினேழு மிச்சம். பதினேழும் நான் அடி வரை வாட்டியது.

தகவல் கேட்ட உடனே செ. வீட்டுக்குப் போனேன். போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நடு வளவில், முற்றத்தோரம், செ. நாற்காலியில். சின்னவர் மடியில் ரைபிளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். செ. மனைவி ஆச்சி, "வாங்க பத்தரே, மருமகனுக்கு எப்படி இருக்கு? கொழுக்கட்டை இருக்கு, தெய்வானைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

வாய் திறந்தேன். வந்தது இது:

"அய்யா, அந்தத் தோட்டாவ எங்கிட்டக் குடுங்க. மழையில மருந்து நமுத்திருக்கும். காயப்போட்டுக் குடுக்கிறேன்."

"அலமாரிக்குள்ள ஏதுய்யா மழ?"

"காத்துல ஈரம் இருக்குல்ல. பினாங்குலயே..."

சின்னவர் குறுக்கே வந்தார். "அதுக்கென்ன பத்தரே, நாளைக்கு நானே வெயில்ல வச்சு எடுத்துக்கிறேன். ஒங்களுக்கு வீட்டுல ஆள் படுத்திருக்கு, இதுக்குன்னு அலையாதீக."

நல்ல பிள்ளை. அது இன்னும் மோசம்.

கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொக்கனுக்குத் தெய்வானை ஊட்டினாள். கண் கட்டியிருக்கிறதால் வாயை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

கார்த்திகை 14, புதன்

காலை ஏழு மணி. மடியில்: வாட்டாத கூடு 1, வாட்டி ஒரு தடவை சுட்ட கூடு 1, அடி பிளந்த கூடு 1, இங்கிலீசுத் தாள், குறடு. இதெல்லாம் எடுத்துக்கொண்டு போனால் பாதியில் கதை மாற்ற முடியாது.

இனி நடந்தது. எதையும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

வளவில் தோட்டாக்கள் முறத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நின்றபடியே சொன்னேன்.

"அய்யா, அன்னிக்கி மண்ணு இல்ல. தோட்டாவ நான் கெடுத்துட்டேன். அடிய வாட்டக் கூடாது, வாட்டிட்டேன். சொக்கன் மேல தப்பு இல்ல. இத யாரும் சுடக் கூடாது."

செ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு.

"உக்காருமய்யா. மருமகனக் காவல விட்டு நிறுத்திருவேன்னு பயந்துக்கிட்டு ஒம்ம தலையில தூக்கிப் போட்டுக்கிறீராக்கும்."

"இல்லய்யா, நெசம்."

"போன தீவாளிக்குக் கண்ணக் கட்டிக்கிட்டுக் கல்லு பதிச்சேன்னீரு, நெசம்னீரு. பினாங்குல புலிய சுத்தியலால போட்டேன்னீரு, அதுவும் நெசம்னீரு. ஒம்மள எனக்குத் தெரியாதா?"

சின்னவரும் தகப்பனாரைப் பார்த்துச் சிரித்தார். "அப்பச்சி, புலிக் கதையில போன தடவ சிறுத்தையாத்தான இருந்துச்சு."

நான் இதுவரை சொன்ன பொய் ஒவ்வொன்றையும் நம்பினார்கள், அல்லது நம்பின மாதிரி இருந்து எனக்குக் காப்பி கொடுத்தார்கள். நிசத்தைச் சொன்ன அன்றைக்கு, நல்ல மனசுக்காரன் என்று பேர் வருகிறது. அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஒரு நிமிஷம் கால் வாசல் பக்கம் திரும்பிற்று. இதை எழுதாவிட்டால் மேலே எழுதினதெல்லாம் வீண்.

குறட்டை எடுத்தேன். வாட்டாத கூட்டை முதலில் சின்னவர் கையில் கொடுத்தேன்.

"இத நெரிங்க சின்னய்யா. அடியில."

நெரித்தார். முகம் சிவந்தது. கூடு அப்படியே.

"இப்ப வாட்டின இத."

அடி மடங்கிற்று. அவர் அதிகம் அழுத்தக்கூட இல்லை. கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளந்த கூட்டையும் பக்கத்தில் வைத்தேன். தாளை விரித்துப் படத்தைக் காட்டினேன். சின்னவர் இங்கிலீசு நன்றாக வாசிப்பார். கீழே வந்ததும் நிறுத்தினார்.

"அப்பச்சி, பத்தரு சொல்றது நெசம்."

செ. எழுந்தார். முறத்துப் பக்கம் போய், நடையில் நிழலுக்கு இழுத்து வைத்தார். மகன் நாளைக்குச் சுட இருந்த தோட்டா.

"வாசிக்கத் தெரியும்னீரே?"

"தெரியாதய்யா."

"அன்னிக்கி மண்ணுன்னு எதுக்குய்யா சொன்னீரு?"

தாளை மடிக்கத் தொடங்கினேன். ஆச்சி தூணோரம் நின்றார். கொழுக்கட்டை கொடுத்த கை.

அங்கேயே உட்கார்ந்து பதினேழையும் கழற்றச் சொன்னார். ஈயத்தை இழுத்து எடுத்து, மருந்தைத் தண்ணீர் அண்டாவில் கொட்டி, கூட்டைக் கேப்போடு எண்ணெயில் போட்டேன். மத்தியானம் ஆயிற்று. செ. நாற்காலியைப் பக்கத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினேழாவது முடிந்ததும் அச்சையும் திருகையும் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்.

"சொக்கன் கண்ணு எப்படி ஆனாலும் அவன் வேல அவனுக்கு. ஆனா அவன்ட்ட நான் ஆளனுப்பிச் சொல்ல மாட்டேன். அது ஒம்ம வாயால."

"சரிங்கய்யா."

"அவன்ட்டயாவது சுருக்கமாச் சொல்லும்."

கார்த்திகை 15, வியாழன்

சொல்லவில்லை.

காரணங்கள்: மழை. தெய்வானை பக்கத்திலேயே இருந்தாள். சொக்கன் அசந்து தூங்கினான். கண்மலர் முடிக்க வேண்டியிருந்தது. முடித்தேன், இரண்டும்.

தூங்கும்போது அவன் வலது கை காற்றில் எதையோ எடுத்துச் சாய்த்து வைக்கிறது. மறுபடி எடுக்கிறது. மறுபடி வைக்கிறது.

கார்த்திகை 16, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலை, கஞ்சி கொடுக்கும் முன்.

கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்தேன். தெய்வானை உள்ளே அம்மியில்.

"சொக்கா. குழல்ல மண்ணு இல்லடா."

"என்ன மாமா?"

"நீ சரியாத்தான் வச்ச. நான் தோட்டாவ அடி வரைக்கும் வாட்டிட்டேன். வாட்டக் கூடாதுன்னு தாள்ல போட்டிருந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவ்வளவுதான். பினாங்கு வரவில்லை, துரை வரவில்லை. இத்தனை சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை.

அம்மிச் சத்தம் நின்றது.

சொக்கன் மேலே பார்த்தபடி கிடந்தான். பார்த்தபடி என்று எழுதுகிறேன், கட்டுக்குள் என்ன பார்த்தானோ.

"அன்னிக்கி அடி உப்பியிருக்குன்னு காமிச்சேனே."

"காமிச்ச."

"அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"அப்பத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிப் பேசினேன்."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ஞாயித்துக்கெழம."

விரலை மடக்கினான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒரு கை முழுசும் மடங்கிற்று.

"அஞ்சு நாளு. மண்ணுன்னு சொன்னது வெள்ளிக்கெழமயே."

"ஆமா."

"நான் அந்த வரப்பத்தான் நெனச்சுக்கிட்டே கெடக்கேன் மாமா. எந்தக் கையால வச்சேன், வாய் எங்குட்டு இருந்துச்சுன்னு. கண்ணு போனாப் போகுது, கைய நம்ப முடியலையேன்னுதான் அழுகையா வந்துச்சு. கட்டுக்குள்ள அழுகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் நம்ப மாட்டார்கள், எனக்குப் பேச்சு வரவில்லை.

தெய்வானை நிலையில் வந்து நின்றாள். கை நிறைய அரைத்த மிளகாய். என்னைப் பார்க்கவில்லை. அவனிடம், "கஞ்சி ஆறுது" என்றாள்.

"வைய்யி. குடிக்கிறேன்."

நான் எழுந்தேன். முக்காலி கிறீச்சிட்டது. அவனுக்கு அது கேட்டது.

"மாமா."

"சொல்லுடா."

"நாளைக்கு எத்தன மணிக்கு டாக்டர் வாராரு?"

"எட்டு."

"கட்ட அவுக்கையில எங்கிட்டும் போயிராதீக. எதிர்ல வந்து உக்காருங்க. தெரியுற கண்ணு ஒண்ணோ ரெண்டோ, மொதல்ல ஒங்க மொகத்தத்தான் பாக்கணும்."

எதற்கு என்று கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

எட்டு மணி. முக்காலியை ஜன்னல் பக்கம், வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி போட வேண்டும்.